கிராவல்னா எங்க ஊர்ல டிப்பர் லாரி

எங்க ஊர் கடத்தூர்ல "கிராவல்"னு சொன்னா யாருக்கும் சைக்கிள் ஞாபகம் வராது. டிப்பர் லாரிதான் வரும். அஸ்திவாரத்துல கொட்டுற செம்மண். "லோடு எவ்ளோம்மா?"ன்னு அடுத்த கேள்வி வரும். போன செமஸ்டர் லீவுல "கிராவல் ரைடு போறேன்"னு அம்மாகிட்ட சொன்னப்ப, நான் ஏதோ லாரியில ஏறிப் போகப்போறேன்னு நெனச்சுட்டாங்க.

உங்கள்ல பாதி பேர் அந்த யூடியூப் வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவுல வெள்ளையா ஒரு சரளைப் பாதை, அதுல ஹெல்மெட் போட்ட ரெண்டு பேர். ரோடு பைக் மாதிரி வளைஞ்ச ஹேண்டில், ஆனா டயர் கொஞ்சம் தடி. அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்துல எம்போரியாங்கிற சின்ன ஊர்ல 2006-ல ஆரம்பிச்ச போட்டிதான் இப்போ 'அன்பவுண்ட் கிராவல்'. 200 மைல், அதாவது 320 கிலோமீட்டர், பெரும்பாலும் சரளை ரோட்டுலயே ஓட்டணும். 2022-ல இத்தாலியில இதுக்கு முதல் உலக சாம்பியன்ஷிப்பும் நடந்துச்சு. ஹாஸ்டல்ல நாம பேசுறது என்ன? "பிளேஸ்மென்ட் ஆகட்டும், ஒரு லட்சத்துக்கு ஒன்னு வாங்கி, அந்த மாதிரி இடத்துக்குப் போகணும்."

நான் சொல்ல வர்றது, நம்ம கையில ஏற்கெனவே ஒன்னு இருக்கு, நம்ம காலடியிலயே பாதையும் இருக்கு. தர்மபுரிக்குக் கடல் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா கடத்தூர்ல மொட்டை மாடியில நின்னா தெற்கே சேர்வராயன் மலை, ஒரு பக்கம் வத்தல்மலை, இன்னொரு பக்கம் தூரத்துல சித்தேரி மலை. நடுவுல ஏரிக்கரை, தோட்டத்து வழி, ரயில் பாதையை ஒட்டின மண் ரோடு. இதைவிட என்ன வேணும்?

முதல்ல சைக்கிள் கதை. நான் படிச்சது தனியார் இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் (இந்தக் கட்டுரையில 'ற' 'ர' சரியா இருந்தா அது எடிட்டர் புண்ணியம்). அதனால ப்ளஸ் ஒன்ல கவர்மென்ட் சைக்கிள் எங்களுக்குக் கிடையாது. அத்தை பொண்ணு அரசுப் பள்ளி, அவளுக்குக் கிடைச்சுது. நான் வேன்ல போவேன், அவ அந்த சைக்கிள்ல மணி அடிச்சுட்டு எங்க வேனைத் தாண்டிப் போவா. அப்போ வந்த பொறாமை இன்னும் போகல. அவ கல்யாணம் ஆகிப் போனதும் மாட்டுக் கொட்டாய் பக்கம் துருப்பிடிச்சுக் கிடந்த அதைத்தான் நான் எடுத்துக்கிட்டேன். செயின், பிரேக் கட்டை, ரெண்டு ட்யூப், அவ்ளோதான் செலவு.

மெக்கானிக்கல் ஸ்டூடண்ட் இல்லையா, சும்மா விடல. டயர் பக்கத்துல 26×1⅜னு அச்சடிச்சிருக்கு. 1⅜ இன்ச்னா 35 மி.மீ. பால்காரர்கள் ஓட்டுற பெரிய சைக்கிள் டயர் 28×1½, அதாவது 38 மி.மீ. கிராவல் பைக்குன்னு விக்கிறதுல பெரும்பாலும் 38ல இருந்து 45 வரைக்கும் இருக்கு. அதாவது டயர் விஷயத்துல நம்ம தாத்தா காலத்து சைக்கிளே கிராவல் பைக்தான். மண் ரோட்டுக்காகவே வந்த அளவு அது.

வித்தியாசம் கியர்லதான். என் சைக்கிள்ல முன்னாடி 44 பல், பின்னாடி 18. ஒரு தடவை மிதிச்சா 5 மீட்டர் போகும். கிராவல் பைக்ல ரொம்ப லோ கியர் போட்டா ஒரு மிதிக்கு 2 மீட்டர் சொச்சம். 5 சதவீத ஏத்தத்துல மணிக்கு 10 கிலோமீட்டர் போகணும்னா, நானும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ, ஏறுறதுக்கு மட்டும் 100 வாட் வேணும். ரெண்டு சைக்கிளுக்கும் அதே 100 வாட்தான். ஆனா அவங்க நிமிஷத்துக்கு 80 மிதி மிதிச்சு அதைக் கொடுப்பாங்க, நான் 33 மிதியில கொடுக்கணும். முழங்கால் கழண்டுரும். அதனால நான் இறங்கித் தள்ளிடுவேன். தள்றதும் ஒரு கியர்தான், வெட்கப்பட ஒன்னுமில்ல. இன்னொன்னு, பஞ்சர் கடை அண்ணா கல்லு மாதிரி காத்து அடிச்சு விடுவார். தார் ரோட்டுக்கு அது ஓகே. மண் ரோட்டுல கொஞ்சம் இறக்கிடுங்க. டயர் அமுங்கிக் கல்லை விழுங்கிடும், இல்லன்னா உங்க மிதி எல்லாம் குதிக்கிறதுக்கே போயிடும். கருவேல முள்ளுக்கு மட்டும் இதுவரைக்கும் எந்த இன்ஜினியரிங்கும் வேலை செய்யல.

காலையில அஞ்சரைக்குக் கிளம்பி பொம்மிடி பக்கம் போற தார் ரோட்டை விட்டு இறங்கினா, குச்சிக்கிழங்குத் தோட்டம், புளியமரம், நடுவுல ரெண்டு சக்கரத் தடம், தடத்துக்கு நடுவுல புல்லு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி சேர்வராயன் மலை நீலமாத் தெரியும். சேலம் போற ரயில் ஒன்னு கத்திட்டுப் போகும். நாய் மட்டும் பிரச்சனை. அம்மாவுக்கும் அதுதான் பயம்னு சொல்வாங்க, உண்மையில வேற பயம்னு எனக்கும் தெரியும்.

இப்ப இந்தக் கட்டுரையை எழுத வெச்ச விஷயத்துக்கு வர்றேன். ஒருநாள் மலையடிவாரத்துல ஒரு ஊர். கல்லும் மண்ணுமான ரோடு, எனக்கு ஒரே சந்தோஷம், நின்னு போட்டோ எடுத்துட்டிருந்தேன். விறகோட வந்த ஒரு பாட்டி, "ஏம்மா, நல்ல ரோடு அந்தாண்ட இருக்குதே, இப்படி ஏன் வர்ற?"ன்னு கேட்டாங்க. "சும்மா பாட்டி"ன்னேன். "சும்மாவா! என் மருமவளப் பிரசவத்துக்கு இந்தக் கல்லுலதான் கட்டில்ல வெச்சித் தூக்கினு போனாங்க"ன்னு சொல்லிட்டு நடந்துட்டே இருந்தாங்க. கோவமாக்கூட சொல்லல. நான் போட்டோவை டிலீட் பண்ணல, ஆனா ஸ்டேட்டஸ் போடல.

நம்ம மாவட்டத்துலயே கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தல்ல ஓட்டு மெஷின் கழுதை மேல போச்சு. வத்தல்மலைக்காரங்க பல வருஷம் நடந்தே இறங்கி ஏறினவங்க. இப்ப 24 கொண்டை ஊசி வளைவோட ரோடு இருக்கு, பஸ் இருக்கு. "அய்யோ, தார் போட்டு அழகைக் கெடுத்துட்டாங்க"ன்னு நம்ம சைக்கிள் குரூப்ல ஒருத்தர் எழுதினார். அவர் ஊருக்கு மண் ரோடு இருந்தா இப்படி எழுதுவாரா? மலை ஊருக்குத் தார் ரோடு வேணும். அதுல நம்ம ரசனைக்கு இடமே இல்ல. இதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது.

அப்போ எந்த மண் பாதையை நாம கேக்கலாம்? யாருக்கும் அது ஒரே வழியா இல்லாத பாதைங்களை. ஏரிக்கரை, பழைய வண்டிப்பாதை. பட்டா பார்க்கிற அதே அரசு இணையதளத்துல புல வரைபடமும் பார்க்கலாம், பார்த்திருக்கீங்களா? எங்க பக்கத்துல ஒரு வண்டிப்பாதை வரைபடத்துல இருக்கு, நேர்ல போனா கம்பி வேலி. கொஞ்சம் கொஞ்சமா உழுது தோட்டத்தோட சேர்ந்துடுச்சு. அது சைக்கிளுக்கு மட்டும் நஷ்டமில்ல, அந்த வழியா மாடு ஓட்டினவங்க இப்ப அரை ஊர் சுத்துறாங்க. சிவில் படிக்கிற நண்பர்களே, சர்வே லேப்ல கத்துக்கிட்டது இதுக்குக்கூட உதவாதா?

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்ல யார் வேணும்னாலும் பாதை வரையலாம். மண் பாதைக்கு ஒன்னுல இருந்து அஞ்சு வரைக்கும் தரம் போட வசதி இருக்கு. நாலு பேர் சேர்ந்தா ஒரு செமஸ்டர்ல கடத்தூர், பொம்மிடி சுத்தி இருக்கிற பொதுப் பாதை எல்லாத்தையும் போட்டுடலாம். ஆனா எல்லாத்தையும் போடக்கூடாது. தோட்டத்துக்காரங்க சொந்த வழியைக் கேக்காமப் போடாதீங்க. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாமப் போறதே குற்றம், 1882-ல வந்த வனச் சட்டம் அது. நமக்கு ஃபைனோட முடியும். நம்ம ட்ராக்கைப் பார்த்துட்டு நாளைக்கு இருபது பேர் வந்தா, தொல்லை அங்க இருக்கிறவங்களுக்கு.

சித்தேரி மலையடிவாரத்துலதான் வாச்சாத்தி இருக்கு. 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக் கட்டை தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைக்காரங்க அந்தப் பழங்குடி ஊருக்குள்ள நுழைஞ்சாங்க. அங்க நடந்த கொடுமைக்குக் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள்னு 2011-ல தர்மபுரி கோர்ட் சொல்லுச்சு. தீர்ப்பு வந்தப்ப உயிரோட இருந்தது 215 பேர். 2023-ல சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி பண்ணுச்சு. எங்க வீட்டுல இருந்து சைக்கிள்ல போற தூரத்துல நடந்தது இது. காலேஜ் மூணாவது வருஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்து ஊருங்களுக்குள்ள ஹெல்மெட், கூலிங் கிளாஸ், நெஞ்சுல கேமராவோட நாம பத்துப் பேர் கூட்டமா நுழையறது அவங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிங்க. ரெண்டு மூணு பேரா போங்க. கேமராவைப் பையில வைங்க. டீக்கடையில நின்னு, எந்த ஊர், யார் வீட்டுப் புள்ளன்னு அவங்க கேக்குறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை அஞ்சரைக்குக் கடத்தூர் பஸ் ஸ்டாண்ட் எதிர்ல நிப்பேன். கியர் சைக்கிள்தான் வேணும்னு இல்ல. வீட்டுல அக்காவோ தம்பியோ வாங்கின கவர்மென்ட் சைக்கிள் எங்கயாவது கிடக்கும், தட்டி எடுத்துட்டு வாங்க. காத்து மட்டும் கல்லு மாதிரி அடிக்காம வாங்க. பஞ்சர் கிட் என்கிட்ட இருக்கு.