வெளிச்சக் கணக்கு

புது ஃப்ளாட் வாங்கிய நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஹால் கூரையில் பதினாறு விளக்குகள். சோபாவில் உட்கார்ந்ததும், 'செய்கூலி, சேதாரம் எவ்வளவு?' என்று கேட்கத் தோன்றியது.

"எலெக்ட்ரீஷியன் ஐடியா சார்!" என்றார் பெருமையாக.

எலெக்ட்ரீஷியனுக்குக் கூலி பாயிண்ட் கணக்கில். பதினாறு ஓட்டை போட்டால் பதினாறு பாயிண்ட். அவரைக் குறை சொல்ல முடியாது.

கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், பெருக்கல்தான். பல்பு கொட்டுகிற மொத்த வெளிச்சத்துக்குப் பெயர் லூமன். ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமன் விழுகிறதோ, அது லக்ஸ். அட்டைப்பெட்டியில் வாட்ஸை மட்டும் பார்த்து பல்பு வாங்குவது, கேஸ் பில்லைப் பார்த்து சாம்பார் ருசியைச் சொல்வது மாதிரி. வாட்ஸ் செலவு, லூமன்தான் வரவு.

உட்கார்ந்து பேச 150 லக்ஸ் தாராளம். படிக்க, காய் நறுக்க 300 வேண்டும். 12க்கு 10 அடி ஹால் என்றால் சுமார் 11 சதுர மீட்டர். 150ஆல் பெருக்கினால் 1,650 லூமன். சுவரும் கூரையும் தூசியும் பாதியை விழுங்கிவிடும் என்று வைத்துக்கொண்டு இரட்டிப்பாக்குங்கள்: 3,300. ஒன்பது வாட்ஸ் எல்.இ.டி. ஒன்று ஏறக்குறைய 900 லூமன் தரும். ஆக, நாலு விளக்கு. தீர்ந்தது.

எங்கே வைப்பது? சுவரிலிருந்து முதல் விளக்கு வரை ஒரு பங்கு, விளக்குக்கும் விளக்குக்கும் இடையே இரண்டு பங்கு. 12 அடிப் பக்கத்தில் 3, 6, 3. பத்தடிப் பக்கத்தில் இரண்டரை, 5, இரண்டரை. இடைவெளி, மேஜையிலிருந்து கூரை வரை உள்ள உயரத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நடுவில் இருட்டுத் திட்டு. குறுகலாக அடிக்கும் ஸ்பாட் லைட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

நம் ஊருக்கென்றே ஒரு விதி இருக்கிறது. மின்விசிறி! 48 இஞ்ச் ஃபேன் நாலடி வட்டம் போடும். அதற்கு மேலே விளக்கு மாட்டினால் இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி, அறை முழுக்க பழைய காலத்து சினிமா ஓடும். மேலே சொன்ன நாலு விளக்கும் வட்டத்துக்கு வெளியே தப்பித்துக் கொள்ளும்.

இத்தனையும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க சமையலறைப் பக்கம் போனேன். அங்கே கூரை நடுவில் ஒரே ஒரு பல்பு. நண்பரின் அம்மா சுவரோரத்து மேடையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். விளக்கு முதுகுக்குப் பின்னால். அவர் நிழலே அரிவாள்மனை இல்லாத அந்த மேடையில், கத்தியின் மேல் விழுந்தது.

"வெளிச்சம் பத்தலையாம்மா?" என்றேன்.

"பழகிடுச்சுப்பா."

இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போய்ச் சேருகிறது. பாப்பா சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளாகிவிடுகிறது. அதாவது, வீட்டிலேயே அதிக வெளிச்சம் தேவைப்படுபவர் அந்த அம்மா. ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் நிற்கிறார். பதினாறு விளக்கு எரிகிற ஹாலுக்கு விருந்தாளி வருவது மாதத்துக்கு ஒருமுறை. பாங்க் கடன், தவணை எல்லாம் ஹாலுக்கு. கத்திக்கு நாற்பது லக்ஸ்கூட இல்லை.

வைத்தியம் சுலபம். மேடைக்கு நேர் மேலே, அலமாரியின் அடியில் ஓர் இரண்டடி எல்.இ.டி. குழல்விளக்கு. சில நூறு ரூபாய். கண்ணாடி முன் ஷேவ் செய்கிறவர்களுக்கு உச்சந்தலை விளக்கு உதவாது. முகத்தின் இரு பக்கமும் வேண்டும். மேன்ஷன் ரூம்வாசிகள் வலது கையால் எழுதுபவராக இருந்தால் டேபிள் விளக்கை இடப்பக்கம் வையுங்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு யோசனை: கூரையில் துளை போடுமுன் தரையில் சாக்பீஸால் வரையுங்கள். சோபா, மேஜை, ஃபேன் வட்டம், விளக்குப் புள்ளிகள். தூக்குக்குண்டு கட்டி அதே புள்ளியை மேலே ஏற்றலாம். தரையில் தப்பு செய்தால் ஈரத்துணி போதும். கூரையில் செய்தால் கொத்தனார், பெயிண்டர், அப்புறம் மனைவி என்று மூன்று பேரைச் சமாளிக்க வேண்டும்.

லக்ஸ் மீட்டர் எதுவும் வேண்டாம். இன்று ராத்திரி உங்கள் வீட்டு சமையல் மேடை முன் நின்று கையை நீட்டுங்கள். உங்கள் நிழல் கை மேல் விழுகிறதா? நாளைக்கு ஆபீஸிலிருந்து வரும்போது கடைக்குப் போய்விட்டு வாருங்கள்.