கிருஷ்ணா தண்ணி வருது, பாலாறு ஏன் வரல? ஒரே அண்டை மாநிலம், இரண்டு ஒப்பந்தங்கள்

சென்னையிலிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் கருங்குழி போகணும்னா, மாமண்டூர் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டணும். வருஷத்தில் பல மாதங்கள் கீழே வெறும் மணல்தான். ஆனால் தாம்பரம், பல்லாவரம் வரை குடிநீராகப் போவதில் ஒரு பங்கு, இந்த மணலுக்கு அடியில் ஊறும் தண்ணீர். கல்பாக்கம் அணுமின் வளாகமும் இதை நம்பித்தான் இருக்கிறது.

என்ன பிரச்னை?

கர்நாடகாவில் பிறக்கும் பாலாறு, ஆந்திராவில் சுமார் 33 கி.மீ., தமிழ்நாட்டில் சுமார் 222 கி.மீ. ஓடி, வாயலூரில் கடலில் சேர்கிறது. அந்த 33 கி.மீ.க்குள் ஆந்திரா கட்டிய தடுப்பணைகள்தான் சண்டைக்குக் காரணம். குப்பம் அருகே அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து, 2006-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது.

தமிழ்நாட்டின் பிடி என்ன?

1892-ல் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் போட்ட ஒப்பந்தம். பட்டியலில் உள்ள ஆறுகளில் சென்னையின் முன் அனுமதி இல்லாமல் மைசூர் புதிய அணை கட்டக்கூடாது. பாலாறும் பட்டியலில் உண்டு.

ட்விஸ்ட் இங்கேதான். அப்போது குப்பம் சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. 1953-ல் ஆந்திரா பிரிந்த பிறகுதான் நடுவில் எல்லை வந்தது. கையெழுத்திட்டவர்களில் ஆந்திரா இல்லை. இருந்தாலும் அது ஆந்திராவையும் கட்டுப்படுத்தும் என்கிறது தமிழ்நாடு.

கிருஷ்ணா மட்டும் எப்படி?

1976-ல் மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் சென்னை குடிநீருக்குத் தலா 5 டிஎம்சி தர ஒப்புக்கொண்டன. 1983-ல் எம்.ஜி.ஆர்., என்.டி.ராமராவ் ஆட்சிக்காலத்தில் தமிழ்நாடும் ஆந்திராவும் ஒப்பந்தம் போட்டன. ஆவியாவது போக எல்லைக்கு வரவேண்டியது 12 டிஎம்சி. கால்வாய்ச் செலவில் தமிழ்நாடும் பங்கு போட்டது. அதே திட்டத்தில் ராயலசீமா வயல்களுக்கும் பாசனம் கிடைத்தது. 1996-ல் தண்ணீர் தமிழக எல்லையைத் தொட்டது.

எல்லா வருஷமும் முழு 12 டிஎம்சி வந்துவிடுவதில்லை. ஆனால் குறைந்தால் 'பாக்கி எங்கே?' என்று கேட்க ஒரு எண் இருக்கிறது. தண்ணீர் தருபவருக்கும் அதில் லாபம் இருக்கிறது. பாலாற்றுக்கு இரண்டும் இல்லை. 'அனுமதி கேள்' என்ற நிபந்தனை மட்டும்தான்.

அடுத்து என்ன?

ஆறு வறண்டதற்கு ஆந்திராவை மட்டும் கைகாட்ட முடியாது. மணல் கொள்ளையும் தோல் தொழிற்சாலைக் கழிவும் நம்ம பக்கத்துக் கணக்கு. வழக்கில் ஜெயித்தால் புதிய அணை நிற்கலாம்; எந்த மாதம் எவ்வளவு தண்ணீர், யார் அளப்பது, பதிலுக்கு குப்பத்துக்கு என்ன என்பதை இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து பேசித்தான் எழுதணும். அதுவரை ஆந்திராவில் தடுப்பணை உயரும் ஒவ்வொரு முறையும், செங்கல்பட்டு மாவட்டத்தின் கையில் இருப்பது 1892-ன் காகிதம் மட்டுமே.