சர்டிஃபிகேட் இருக்கு, வேலை தெரியுமா? ஆன்லைன் கோர்ஸ்கள் எழுத மறக்கும் அந்த ஒரு வரி

சில வருடங்களுக்கு முன் ஆன்லைனில் ஓர் எக்செல் பயிற்சி முடித்தேன். 18 மணி நேர வீடியோ, தள்ளுபடி போக 499 ரூபாய். சர்டிஃபிகேட்டை லிங்க்ட்இன்னில் போட்டதும் வாழ்த்துகள் குவிந்தன. அடுத்த வாரமே மேனேஜர் இரண்டு ஷீட்களை அனுப்பி, “எந்தெந்த டீலர் இன்னும் பணம் கட்டலைன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க” என்றார்.

வீலுக்அப் என்ற பெயர் தெரியும். அது எந்த வீடியோவில் வந்தது என்றுகூட ஞாபகம் இருந்தது. ஆனால், கை ஓடவில்லை. பக்கத்து சீட் நண்பர்தான் பத்தே நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்.

அன்று இரவு அந்த கோர்ஸின் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். ‘ஃபார்முலாக்களைப் பற்றி அறிந்துகொள்வீர்கள், டேட்டாவின் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்வீர்கள்’ என்றுதான் இருந்தது. சொன்னதைச் சொன்னபடியே செய்திருக்கிறார்கள். செய்யத் தெரியும் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பாடத்திட்டம் வேறு, இலக்கு வேறு

பாடத்திட்டம் என்பது, சொல்லித்தருபவர் என்னவெல்லாம் பேசப்போகிறார் என்ற பட்டியல். கற்றல் இலக்கு என்பது, முடிவில் நம்மால் என்ன செய்ய முடியும் என்ற வாக்குறுதி. பெரும்பாலான கோர்ஸ்களில் முதலாவதைக் காட்டி இரண்டாவதைத் தந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இது புதிய விஷயமும் இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் மேகர் 1962-ல் வெளியிட்ட புத்தகத்திலேயே, ஒரு நல்ல இலக்கில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும் என்றார். கற்பவர் என்ன செய்வார்? எந்தச் சூழலில் செய்வார்? எவ்வளவு சரியாகச் செய்தால் போதும்?

என் எக்செல் கோர்ஸையே எடுத்துக்கொள்வோம். ‘1,000 வரிகள் கொண்ட இரண்டு பட்டியல்களைக் கொடுத்தால், வீடியோவைப் பார்க்காமல், 15 நிமிடத்தில், பணம் கட்டாதவர்களின் பட்டியலைப் பிழையில்லாமல் எடுப்பீர்கள்.’ இப்படி ஒரு வரி இருந்திருந்தால், முதல் நாளே எனக்குத் தெளிவு கிடைத்திருக்கும். சொல்லித்தருபவருக்கும் வேறு வழியில்லை. 15 நிமிடப் பயிற்சி ஒன்றை வைத்தே ஆக வேண்டும்.

‘அறிதல்’, ‘புரிதல்’ எல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. பெஞ்சமின் புளூம் குழு 1956-ல் வெளியிட்டு, 2001-ல் திருத்தப்பட்ட புகழ்பெற்ற வகைப்பாடு, நினைவில் வைத்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல் என ஆறு படிகளைச் சொல்கிறது. ஆபீஸ் வேலை பெரும்பாலும் மூன்றாவது படியில்தான் தொடங்குகிறது. நம் கோர்ஸ்களோ இரண்டாவது படியிலேயே சர்டிஃபிகேட் கொடுத்து அனுப்பிவிடுகின்றன.

எண்கள் சொல்லும் கதை

எட்எக்ஸ் தளத்தில் ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய கோர்ஸ்களின் தரவுகளை வைத்து, 2019-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பதிவு செய்தவர்களில் 52% பேர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18-ல் முடித்தவர்கள் சுமார் 3%தான்.

ஹார்வர்ட் கோர்ஸ்களைப் பற்றிய 2014-ம் ஆண்டு ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ‘முடிக்கப்போகிறேன்’ என்று தொடக்கத்திலேயே சொன்னவர்களில் 22% பேர் சான்றிதழ் வாங்கினார்கள். சும்மா பார்க்க வந்தவர்களில் 6% பேர்தான் வாங்கினார்கள். எதற்காக வந்தோம் என்பது தெரிந்தவர்களுக்கே பாதி கிணறு தாண்டுவது கடினம் என்றால், தெரியாமல் வருபவர்களைப் பற்றி என்ன சொல்ல?

ம்யூட்டில் ஓடும் வீடியோக்கள்

கம்பெனி ட்ரெயினிங்கின் கதை இன்னும் மோசம். ஒரு டேபில் வீடியோவை ம்யூட்டில் ஓடவிட்டு, இன்னொரு டேபில் மெயிலுக்குப் பதில் போடாதவர் யார்? ‘100% ஊழியர்கள் முடித்துவிட்டார்கள்’ என்று ரிப்போர்ட் போகும். அடுத்த மாதமே யாராவது ஒருவர் போலி லிங்க்கை க்ளிக் செய்வார்.

பயிற்சி தயாரிப்பவர்கள் வரிசையை மாற்றிப் பார்க்கலாம். முதலில் கடைசித் தேர்வைத் தயாரியுங்கள். ‘சைபர் பாதுகாப்பைப் புரிந்துகொள்வார்கள்’ என்பதற்குப் பதிலாக, ‘பத்து மெயில்களில் எவை போலி என்று கண்டுபிடித்து, ஐடி டீமுக்குப் புகார் அனுப்புவார்கள்’ என்று எழுதுங்கள். அதற்குத் தேவைப்படாத ஸ்லைடுகளைத் தூக்கிவிடுங்கள். ஒரு மணி நேர வீடியோ இருபது நிமிடமாகச் சுருங்கினாலும் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

எல்லாவற்றையும் அளக்க முடியுமா?

முடியாது. வரலாறு, இசை, தத்துவம் என்று ஆசைக்குக் கற்பதற்கு அளவுகோல் தேவையில்லை. சும்மா மேய்வதும் ஒரு சுகம்தான். ஆனால், வேலை மாறுவதற்காக இஎம்ஐ போட்டு, தூக்கத்தைத் தியாகம் செய்து ஒருவர் படிக்கும்போது, ‘அறிந்துகொள்வீர்கள்’ என்று நிறுத்திக்கொள்வது நியாயமில்லை.

அதனால், அடுத்த கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் ஒரு நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: ‘இதை முடித்ததும், யார் உதவியும் இல்லாமல் நான் செய்யப்போவது...’ மீதி வரியை கோர்ஸ் பக்கத்தைப் பார்த்து நிரப்ப முடிகிறதா? சேருங்கள். முடியவில்லையா? நடத்துபவர்களுக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் 499 ரூபாய் மிச்சம். அதைவிட முக்கியமாக, 18 மணி நேரம் மிச்சம்.