ஒரு ‘எல்’ குறைந்த கதை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தாள். தோளில் மாட்டிய பையை இறக்கவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள். “அத்தை, ரேம் மாத்தினேன், லேப்டாப் செத்துப்போச்சு” என்று சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். புதன்கிழமை புராஜெக்ட் ரிவ்யூ. நாலு மாத உழைப்பு அந்தப் பைக்குள் இருக்கிறது.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். உன் ஃபைல் எதுவும் எங்கேயும் போகவில்லை. அவள் கை வைத்தது ரேமில். ரேம், வேலை நடக்கும்போது மட்டும் பயன்படுகிற இடம். கரண்ட் நின்றால் அதில் ஒன்றும் தங்காது. சேமித்து வைத்ததெல்லாம் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. லேப்டாப்பே போனாலும் அந்த டிஸ்க்கைக் கழற்றி, ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு வேறு கம்ப்யூட்டரில் செருகினால் எல்லாம் வந்துவிடும். ரேம் மாற்றி லேப்டாப் இருண்டுபோனவர்கள் எல்லாரும் முதலில் பயப்படுவது படங்களையும் ஃபைல்களையும் நினைத்துத்தான். அந்தப் பயத்தில்தான் யார் என்ன விலை சொன்னாலும் தலையாட்டிவிடுகிறார்கள்.

தண்ணீர் குடித்தபின் கதை முழுதும் வந்தது. அந்த லேப்டாப் 2014-ல் அண்ணன் வாங்கியது. இன்டெல் நான்காம் தலைமுறை பிராசஸர், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 இந்தப் பிராசஸரை ஏற்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் இவள் லினக்ஸ் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அப்படியும் பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்து, கூடவே புரோகிராம் எழுதுகிற மென்பொருளையும் திறந்தால் 4 ஜிபி மூச்சுத் திணறுகிறது. ஹாஸ்டல் தோழி ஒருத்தி, பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்த 8 ஜிபி ரேம் ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். இரண்டாவது ஸ்லாட் காலியாகத்தான் இருந்தது. வீடியோ பார்த்து அடிமூடியைத் திறந்து மாட்டினாள். பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு.

பதறிப்போய் இரண்டு ரேமையும் கழற்றி, பழையதை மட்டும் திரும்ப மாட்டியிருக்கிறாள். அப்போதும் கறுப்பு. இந்த இடம் முக்கியம். கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனாள். அவர் சார்ஜரைச் செருகினார், இரண்டு தடவை பட்டனை அழுத்தினார். “போர்டு போயிடுச்சு. மாத்த எட்டாயிரம் ஆகும். இதுக்குப் புதுசே வாங்கிக்கம்மா” என்று சொல்லிவிட்டார். அடிமூடியைத் திறக்கக்கூட இல்லை.

நான் எட்டு வருடம் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் பாடம் நடத்தியவள். ‘போர்டு போயிடுச்சு’ என்ற இந்தச் சொல்லை எத்தனை பிள்ளைகள் கேட்டுவிட்டு வந்து நின்றிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மதர்போர்டு கெடுவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் ஓடிய இயந்திரம் மத்தியானம் ஓடவில்லை, நடுவில் நாம் ஒரே ஒரு பொருளைத்தான் தொட்டோம் என்றால், தேட வேண்டியது தொட்ட இடத்தில்தான். சமைத்த குழம்பு கரித்தால் உப்பு ஜாடியைப் பார்ப்போமா, அடுப்பை மாற்றுவோமா?

ரேம் சரியாக இல்லாவிட்டால் திரை ஏன் கறுப்பாகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். பட்டனை அழுத்தியதும் பிராசஸர் போர்டில் உள்ள சின்ன சில்லு ஒன்றிலிருந்து தன் முதல் கட்டளைகளைப் படிக்கிறது. செய்கிற முதல் வேலைகளில் ஒன்று ரேமை எழுப்புவது. ஒவ்வொரு ரேமிலும் ஓர் ஓரத்தில், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, இன்னொரு சில்லு இருக்கும். நான் இத்தனை ஜிபி, இத்தனை வேகம், எனக்கு இவ்வளவு வோல்ட் என்று அதில் எழுதியிருக்கும். அதைப் படித்து, அதன்படி ரேமைப் பழக்கி எடுத்த பிறகுதான் மற்ற வேலை. இந்த மாதிரி லேப்டாப்பில் திரைக்குப் படம் வரைகிற பகுதியும் அதே ரேமிலிருந்துதான் இடம் வாங்கிக்கொள்கிறது. ரேம் எழுந்திருக்கவில்லை என்றால், என்ன கோளாறு என்று திரையில் எழுதிக் காட்டவும் வழியில்லை. அதனால்தான் சில லேப்டாப்புகள் பீப் பீப் என்று கத்தும், சிலவற்றில் கேப்ஸ் லாக் விளக்கு விட்டு விட்டு மின்னும். எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணி, அந்த மாடலின் கையேட்டில் பார்த்தால் ரேமா வேறெதுவா என்று தெரிந்துவிடும். “விளக்கு ஏதாவது மின்னிச்சா?” என்று கேட்டேன். “மின்னிச்சு அத்தை, நான் எண்ணலை” என்றாள். அந்த நேரத்தில் யாருக்கு எண்ணத் தோன்றும்?

மாட்டிப் பார்க்க என்னிடம் வேறு ரேம் இல்லை. திங்கள் காலை இரண்டு பேரும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் அது தனி ஊர். ரேடியோ பாகம் விற்ற தெரு, பிறகு டிவி, பிறகு கம்ப்யூட்டர், இப்போது சிசிடிவி கேமரா என்று காலத்துக்குக் காலம் பொருள் மாறினாலும், உடைந்ததைத் திறந்து பார்க்கிற கைகள் அங்கே மாறவில்லை. நரசிங்கபுரம் தெருப் பக்கம், மாடிப்படிக்கு அடியில், ஒரு மேஜையும் ஒரு விளக்கும் மட்டுமே கடையாக வைத்திருக்கிற பாய் ஒருவரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும்.

“வாங்கம்மா. பாப்பா யாரு, அண்ணன் பொண்ணா?” என்றவர், அவள் பக்கம் திரும்பிக் கேட்ட முதல் கேள்வி: “கடைசியா என்ன பண்ணினே, ஒண்ணுவிடாம சொல்லு.” முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. பேட்டரியைக் கழற்றாமல் ரேமை மாட்டினேன் என்று அவள் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். “அது மட்டும் இனிமே கூடாதும்மா.”

சார்ஜர் செருகாமல் பேட்டரியைக் கழற்றி வைத்தார். பிறகு பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாய்க்குள்ளேயே முப்பது வரை எண்ணினார். கரண்ட் இல்லாத இயந்திரத்தில் எதற்குப் பட்டன் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். போர்டில் உள்ள கெபாசிட்டர்களில் தங்கியிருக்கிற மிச்ச மின்சாரம் வடிவதற்குத்தான். பாதியில் நின்ற பழைய நிலை அதோடு போய்விடும். இந்த ஒரு காரியத்திலேயே உயிர் பெற்ற லேப்டாப்புகளை நான் பார்த்திருக்கிறேன். பேட்டரி உள்ளேயே பதித்திருக்கிற புதிய மாடல்களில் அடிமூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும்.

மேஜையின் இரும்புக் காலை ஒரு முறை தொட்டுவிட்டு மூடியைத் திறந்தார். நம் உடம்பில் ஏறுகிற நிலைமின்சாரம் ஏறக்குறைய 3,000 வோல்ட் இருந்தால்தான் நமக்குச் சுருக்கென்று உறைக்கும். சில்லு அதைவிட மிகக் குறைவிலேயே கெட்டுவிடும். சென்னையின் ஈரக்காற்றில் இந்த ஆபத்து குறைவு, ஏசி அறையில் அதிகம்.

விளக்கை இழுத்துச் சாய்த்து, “இங்கே வா பாப்பா, குனிஞ்சு பாரு” என்றார். நானும் குனிந்தேன். பழைய 4 ஜிபி ரேம் ஸ்லாட்டில் படுத்திருந்தது. பார்த்தால் சரியாக இருப்பது போலத்தான் இருந்தது. ஆனால் அதன் விளிம்பில் ஓடுகிற தங்க நிறக் கோடு வலது பக்கம் முழுதும் உள்ளே மறைந்திருக்க, இடது பக்கம் தலைமுடி அளவுக்கு வெளியே தெரிந்தது. வலது கிளிப் பூட்டியிருந்தது. இடது கிளிப் ரேமின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு சும்மா நின்றது. மொத்தம் 204 தங்கக் கால்கள். அவற்றில் சில தொடவில்லை. எட்டாயிரம் ரூபாய் போர்டு அங்கே இருந்தது.

இரண்டு கட்டைவிரலாலும் கிளிப்புகளை வெளிப்பக்கம் தள்ளினார். ரேம் தானே எழும்பியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை ரப்பரால் தங்கக் கால்களை மேலிருந்து கீழாக, ஒரே திசையில், குழந்தையின் நகத்தைத் துடைப்பது போலத் துடைத்தார். ரப்பரை வைத்து அழுத்தித் தேய்ப்பவர்களும் உண்டு. அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, தேய்த்தால் போய்விடும். பிறகு ஐசோபுரொப்பைல் ஸ்பிரிட் தொட்ட துணியால் ரப்பர் துகளை எடுத்தார். ஸ்லாட்டில் முப்பது டிகிரி சாய்வாகச் செருகி, தங்கக் கோடு முழுதும் உள்ளே போனதை உறுதி செய்துகொண்டு, கீழே அழுத்தினார். டிக், டிக் என்று இரண்டு பக்கமும் கேட்டது.

பேட்டரி போடாமல் சார்ஜரை மட்டும் செருகிப் பட்டனை அழுத்தினார். கறுப்பு. அண்ணன் மகளின் கை என் கையைப் பிடித்துக்கொண்டது. “இப்பதான் அவசரப்படக் கூடாது. ரேமை மாத்தினா முதல் தடவை கொஞ்சம் நேரம் எடுக்கும். கறுப்பா இருக்கேன்னு உடனே அணைச்சிட்டா அது பாதியில நின்னுடும்” என்றார் பாய். டிடிஆர்5 ரக ரேம் உள்ள புதிய இயந்திரங்களில் இந்தக் காத்திருப்பு சில நிமிடம்கூட ஆகும். இங்கே அவ்வளவு ஆகவில்லை. நான் இருபத்திரண்டு எண்ணும்போது திரையில் வெளிச்சம் வந்தது.

எனக்கு இன்னொரு கேள்வி மீதி இருந்தது. தோழி கொடுத்த 8 ஜிபி ரேம் ஏன் ஓடவில்லை? பாய் அதைத் தனியாகப் போட்டுப் பார்த்தார். அந்த ஸ்லாட்டிலும் கறுப்பு, இந்த ஸ்லாட்டிலும் கறுப்பு. பக்கத்து மேஜையில் இருந்த இன்னும் பழைய லேப்டாப்பில் போட்டார். அங்கே உடனே எழுந்தது. ரேம் நல்ல ரேம்தான். லென்ஸை எடுத்து இரண்டு ரேமின் ஒட்டுச்சீட்டையும் அருகருகே வைத்துக் காட்டினார். தோழி கொடுத்ததில் பிசி3-12800 என்று இருந்தது. பழையதில் பிசி3எல்-12800. வித்தியாசம் ஓர் எழுத்து.

அந்த ‘எல்’ இருந்தால் ரேம் 1.35 வோல்ட்டில் ஓடும். இல்லாததற்கு 1.5 வோல்ட் வேண்டும். நான்காம் தலைமுறை லேப்டாப் பிராசஸர்களில் இவளுடைய லேப்டாப்பில் உள்ள ரகம் தருவது 1.35 மட்டும்தான். இரண்டுக்கும் அதே 204 கால், அதே இடத்தில் வெட்டு, அதே நீளம். அதனால் இடிக்காமல் உள்ளே போய்விடும். அடுத்த தலைமுறையான டிடிஆர்4 ரேமாக இருந்தால் 260 கால், வெட்டும் வேறிடத்தில். செருகவே முடியாது, தப்பும் நடக்காது. இங்கே தடுக்க எதுவும் இல்லை.

0.15 வோல்ட் இவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டாள். ஆமாம். இந்த ரக ரேமின் அடிப்படை, ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டெனார்டு 1968-ல் காப்புரிமை பெற்றது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெபாசிட்டர், அதில் துளி மின்னூட்டம். 4 ஜிபி ரேமில் இப்படி 3,435 கோடிக்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓட்டைப் பானை போலக் கசிந்துகொண்டே இருக்கும். 64 மில்லி செகண்டுக்குள் எல்லாவற்றையும் ஒருமுறை திரும்ப நிரப்பியாக வேண்டும். அவ்வளவு சின்னத் துளிகளைப் பிரித்தறிகிற இடத்தில் கேட்ட வோல்ட் கிடைக்கவில்லை என்றால் ரேம் பேசாமல் இருந்துவிடும். நல்லவேளையாக, வோல்ட் குறைந்ததால் எதுவும் எரியவில்லை.

‘எல்’ என்ற இதே ஒலிக்குப் பழந்தமிழில் ஒளி, பகல் என்று பொருள். நெய்தலின் பொழுதை எற்பாடு என்கிறோமே, எல் படுகிற நேரம். வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு இந்தச் சொல்லே ஓடிக்கொண்டிருந்தது.

பாய் எதிர்க்கடையிலிருந்து பிசி3எல் 8 ஜிபி ஒன்றை வாங்கிவரச் செய்து மாட்டினார். எல்லாம் சேர்த்து, போர்டு மாற்றச் சொன்ன தொகையில் கால்பங்குகூட ஆகவில்லை. அதோடு விடவில்லை. பென்டிரைவில் இருந்த, ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்டை ஓடவிட்டு, “ஒரு சுத்து முழுசா முடியட்டும், பிறகு எடுத்துட்டுப் போங்க” என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த நேரத்தில் அவர் மேஜையில் இருந்த இன்னொரு லேப்டாப்பைக் காட்டினார். மெல்லியது, புதியது, அழகானது. ஸ்லாட்டே கிடையாது. ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டது. “இதுல ஒரு சில்லு போனா, பாப்பாவுக்கு அந்தக் கடையில சொன்னதுதான் நிஜமாவே பதில்” என்றார். நான் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பன்னிரண்டு வருட லேப்டாப்பை ஒரு மாணவி இரண்டு ஸ்குரூ கழற்றி வலுவாக்க முடிகிறது. இன்று வாங்குகிற பலவற்றில் அது முடியாது. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் வாங்கும் நாளிலேயே ‘இதில் ரேம் மாற்றலாமா, எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எத்தனை ஜிபி’ என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடச் சொன்னால் அதைவிட நல்லது. எத்தனை அப்பாக்கள் கல்லூரி சேர்க்கையின்போது கடன் வாங்கி லேப்டாப் வாங்குகிறார்கள்!

எட்டாயிரம் சொன்ன கடைக்காரரை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஒரு நாளில் முப்பது பேர் வந்து நிற்கிற இடம். ஆனால் திறந்து பார்க்காமல் செத்துவிட்டது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

மெம்டெஸ்ட் பிழையில்லாமல் முடிந்தது. அடிமூடியைப் போடப் போன பாயை அண்ணன் மகள் நிறுத்தினாள். “ஒரு நிமிஷம் பாய்.” மேஜையில் கிடந்த மாஸ்கிங் டேப்பில் ஒரு துண்டு கிழித்து, மூடியின் உட்பக்கம் ஒட்டி, மார்க்கரால் எழுதினாள்: பிசி3எல் மட்டும், 1.35 வோல்ட், முதலில் பேட்டரியைக் கழற்றவும். பாய் மூடியை வாங்கி விளக்கில் காட்டிப் படித்துவிட்டு, ஸ்குரூக்களை ஒவ்வொன்றாக முடுக்கினார்.