கடல் எத்தனை மீட்டர் உள்ளே வந்தது? செயற்கைக்கோள் படம் சொல்வதும் சொல்லாததும்

"கடல் ஊருக்குள்ள வந்துடுச்சு" என்பது வட சென்னையிலும் புதுச்சேரியிலும் மீனவர்கள் பல வருஷமாகச் சொல்லிவரும் புகார். எத்தனை மீட்டர், எப்போதிலிருந்து? அதற்கான பதில் இப்போது செயற்கைக்கோள் படங்களில் கிடைக்கிறது.

சென்னையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரைக்கோட்டை ஒப்பிட்டது. தமிழ்நாட்டின் 991 கி.மீ. கடற்கரையில் சுமார் 423 கி.மீ., அதாவது 42.7 சதவீதம், அரிப்பில் இருக்கிறது. நாட்டு அளவில் இது 33.6 சதவீதம், புதுச்சேரியில் 56.2.

கோட்டை எப்படி வரைகிறார்கள்?

அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும், மணல் திருப்பி அனுப்பும். அதனால் படத்தில் கடல் கறுப்பாகவும் கரை வெளிச்சமாகவும் தெரியும். இரண்டும் சந்திக்கும் இடமே கரைக்கோடு. பல வருஷக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எங்கே எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும்.

சொல்ல எளிது, சிக்கல் ஓதத்தில்தான். 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரியும் கரையில், கடல்மட்டம் ஒரு மீட்டர் ஏறினாலே கோடு 20 மீட்டர் உள்ளே வந்துவிடும். ஒரு நாள் படத்தையும் இன்னொரு நாள் படத்தையும் அருகருகே வைத்து "கடல் விழுங்கியது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப முடியாதது இதனால்தான். பருவமழைக் காலத்தில் போன மணல் கோடையில் திரும்புவதும் உண்டு. லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளியே தரையில் 30 மீட்டர். சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர். ஆகவே பல வருஷப் போக்குதான் கணக்கு.

மணல் எங்கே போகிறது?

இந்தக் கரையில் ஆண்டு முழுவதற்கும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே துறைமுகச் சுவரோ தூண்டில் வளைவோ வந்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே பஞ்சம். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை தேய்ந்ததும் ஒரே கதையின் இரண்டு பாதிகள்.

படம் சொல்லாத ஒன்றும் உண்டு. கருங்கல் கொட்டிய இடத்தில் கோடு அப்புறம் நகராது. 'நிலையான கரை' போலவே தோன்றும். ஆனால் கல்லுக்கு முன்னே மணலே இருக்காது. படகை ஏற்றவும் வலையை உலர்த்தவும் இடம் போய்விட்டிருக்கும். கோட்டோடு மணல்பரப்பின் அகலத்தையும் அளந்தால்தான் இந்த இழப்பு கணக்கில் வரும்.

லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். ஓர் ஊரில் தூண்டில் வளைவு கேட்கும்போது, அதற்கு வடக்கே உள்ள அடுத்த ஊரின் பத்து வருஷக் கரைக்கோட்டை வேலை தொடங்கும் முன்பே எடுத்து வைக்கப் பெரிய செலவில்லை. பின்னால் அந்த ஊர்க்காரர்கள் நிவாரணம் கேட்டு வரும்போது கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.