மருந்தடித்த சட்டைக்குப் பிளீச்சிங் பவுடர் போதுமா?

கேள்வி: பருத்திக்கு மருந்தடித்துவிட்டு என் கணவர் கழற்றிப்போடும் துணிகளை, குழந்தைகளின் துணியோடு சேர்த்தே ஊறவைக்கிறேன். கடைசியில் கிருமிநாசினி ஊற்றி அலசுவேன். அப்படியும் எனக்குக் கை எரிச்சலும் தலைவலியும் வருகின்றன. பிளீச்சிங் பவுடர் போட்டால் சரியாகுமா? படுக்கையில் இருக்கும் மாமனாரின் துணிகளுக்கும் அதைப் பயன்படுத்தலாமா?
– வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: கிருமி வேறு, பூச்சிமருந்து வேறு. கிருமிநாசினி கிருமியைத்தான் கொல்லும். துணியில் ஏறிய பூச்சிமருந்தை எடுக்காது. பிளீச்சிங் பவுடரையும் அதற்கு நம்ப வேண்டாம். மருந்தை நீக்குவது சோப்புத்தூளும் நிறையத் தண்ணீரும்தான். உங்கள் எரிச்சலுக்கு அந்தத் துணியே காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் போகும்போது மருந்து டப்பாவின் லேபிளைக் காட்டுங்கள்.

மருந்தடித்த துணியைத் துவைக்கும் முறை:

• தனி வாளியில் போடுங்கள். மற்ற துணிகளோடு, முக்கியமாகக் குழந்தைகளின் துணியோடு, சேர்க்காதீர்கள்.
• அன்றே துவையுங்கள். நாள் கடந்தால் மருந்து நூலில் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்ப்பசையுள்ள 'இ.சி.' வகை மருந்துகள் எளிதில் போகாது.
• ரப்பர் கையுறை அணிந்து, முதலில் வெறும் தண்ணீரில் அலசுங்கள். பிறகு சுடுதண்ணீரில் சோப்புத்தூளைக் கூடுதலாகப் போட்டு இரண்டு முறை துவையுங்கள்.
• நல்ல வெயிலில் காயவையுங்கள்.
• குளத்திலோ வாய்க்காலிலோ அலசக் கூடாது. பல மருந்துகளுக்கு மீன்கள் தாங்காது. துவைத்த தண்ணீரைக் கிணறு, மாட்டுத் தொட்டி ஆகியவற்றுக்குத் தள்ளி ஊற்றுங்கள்.
• தண்ணீர் கலக்காத மருந்து கொட்டி நனைந்த துணியைத் துவைத்து உடுத்த வேண்டாம், கழித்துவிடுங்கள்.

மாமனாரின் துணிக்குப் பிளீச்சிங் பவுடர் உதவும். ஆனால் சிறுநீர் பட்ட துணியை முதலில் நன்றாக அலசி, சோப்புப் போட்டுத் துவைத்துவிட வேண்டும். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு பிளீச்சிங் சேர்ந்தால் நச்சுக்காற்று உண்டாகும். பிறகு 10 லிட்டர் தண்ணீரில் 15 முதல் 20 கிராம் பவுடரைக் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரில் 30 நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். வெள்ளைப் பருத்தித் துணிக்கே இது ஏற்றது. சாயத்துணி வெளுத்துவிடும், பட்டும் கம்பளியும் கெட்டுவிடும். அவற்றுக்குச் சோப்பும் வெயிலும் போதும். பழைய பவுடருக்கு வீரியம் குறைந்திருக்கும். ஈரம் படாமல் மூடிவையுங்கள்.

கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகக் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். தவறிக் கலந்துவிட்டால் உடனே வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

உங்கள் கணவரிடமும் ஒரு வார்த்தை. டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கடும் நஞ்சு. வயலில் நீங்கள் முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு அடிக்கும் மருந்தை, வீட்டில் உங்கள் மனைவி வெறுங்கையால் கசக்குகிறார். கழற்றிய சட்டையை நீங்களே கையுறையோடு ஒருமுறை அலசிப்போட்டுவிட்டுக் குளிக்கப் போங்கள். அதன் பிறகு குழந்தைகளைத் தூக்குங்கள்.