தவள மாடும் பனி நாயும்

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் மாமா வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். உல்லாசப் பயணக் கப்பலொன்றின் சமையலறையில் அவருக்கு வேலை. கோடையில் அந்தக் கப்பல் அலாஸ்காவுக்குப் போகும். ஜூனோ துறைமுகத்தில் இறங்கும் பயணிகளை ஹெலிகொப்டரில் பனியாற்றின் மேல் கொண்டுபோய், நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் ஏற்றி ஓட்டிக் காட்டுவார்களாம். மாமா ஏறியதில்லை; அந்தக் கட்டணம் அவருக்கு எட்டாது. பயணியொருவர் எடுத்ததைக் கேட்டு வாங்கி அனுப்பியிருந்தார்.

"பெருநாளும் அதுவுமாக நாய்க் கூட்டத்தையா பார்த்துக்கொண்டிருக்கிறாய்?" என்று உம்மா ஏசினார். பிறகு அவரும் என் பின்னால் நின்று முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அன்றிரவு தேடிப் படித்தேன். அங்கே இடிட்டரொட் என்றொரு நாய்வண்டிப் பந்தயம் இருக்கிறது. ஏங்கரேஜிலிருந்து நோம் வரை ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். 1973 முதல் நடக்கிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பந்தயம்தான். 1985இல் மற்றவர்கள் பனிப்புயலுக்குப் பயந்து தங்கிவிட, லிபி ரிடில்ஸ் என்ற பெண் துணிந்து புறப்பட்டு வென்றார். அந்தப் பந்தயத்தை வென்ற முதற் பெண் அவர்தான்.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது பந்தயமல்ல. 1925 ஜனவரியில் நோம் நகரில் தொண்டைக்கரப்பன் நோய் பரவியது. கடல் உறைந்திருந்ததால் கப்பல் வர வழியில்லை. மருந்து நெனானா வரை ரயிலில் வந்தது. அங்கிருந்து நோமுக்குத் தண்டவாளம் இல்லை. அந்த 674 மைல்களையும் 20 வண்டியோட்டிகளும் ஏறத்தாழ 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் கடந்தார்கள். கடைசிக் கட்டம் ஓடிய பல்ட்டோ என்ற நாய்க்கு அதே வருடம் நியூயோர்க்கில் சிலை வைத்தார்கள். மிக நீண்ட, மிக ஆபத்தான கட்டத்தில் முன்னோடிய டோகோவுக்கு அன்று அந்தப் புகழ் கிடைக்கவில்லை. ஓட்டிகளில் பலர் அம்மண்ணின் பூர்வ குடிகள். அவர்களின் பெயர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதற்கு முன் இந்த மலைக்குச் சாமான்கள் எப்படி வந்தன?

இதை உம்மம்மாவிடம் கேட்டபோது அவர் வாயில் வந்த சொல் 'தவளம்'. பொதிமாட்டுக் கூட்டம். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் ஊவாவுக்கு ஏறும். பாக்கும் மிளகும் இறங்கும். கண்டி இராச்சிய காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் முஸ்லிம்கள் முன்னணியில் இருந்தார்கள். வண்டிப் பாதை இல்லாத காட்டில் மாட்டின் முதுகுதான் பாதை. அந்தச் சொல்லை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். கல்யாண வீட்டுச் சண்டையொன்றில், "தவள மாட்டுக்காரன் பரம்பரைதானே!" என்று ஒருவர் எங்கள் வீட்டாரைப் பார்த்துச் சொன்னார். வாப்பா முகம் சிவந்து எழுந்து போனார்.

அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. எங்கள் குடும்பக் கதையைச் சொல்லத் தொடங்கினால் அரபு வணிகர்களிலிருந்து ஒரே தாவலில் பஸாரிலுள்ள கடைக்கு வந்துவிடுகிறோம். நடுவே மாட்டின் பின்னால் நடந்தவர்களைக் காணோம். தோட்டத்துத் தோழிகளின் முன்னோரும் மன்னார்க் கரையிலிருந்து இந்த மலைகளுக்கு நடந்தே வந்தவர்கள்தான். அவர்கள் அதைச் சொல்லத் தயங்குவதில்லை.

பந்தயம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இடிட்டரொட்டில் நாய்கள் ஓடியே செத்திருக்கின்றன. பிள்ளைகளின் உயிருக்காக ஓட்டியது வேறு, பரிசுக்காக ஓட்டுவது வேறு. எனக்குப் பின்னது பிடிக்கவில்லை. ஆனாலும் சுமந்தவர்களை மறக்காமலிருக்க அவர்கள் ஏதோ ஒன்று செய்கிறார்கள். நாங்கள் ஒரு கொப்பியையாவது நிரப்பலாம். அடுத்த தவணையில் நாங்கள் ஒவ்வொருவரும் வீட்டு மூத்தவரிடம் கேட்டு இரண்டு பக்கம் எழுதி வந்தால், எங்கள் நூலகத்தில் இல்லாத ஒரு நூல் சேர்ந்துவிடும். பெற்றோரே, பிள்ளை வந்து கேட்டால் "அதெல்லாம் எதற்கு" என்று சொல்லிவிடாதீர்கள்.

நான் எழுதத் தொடங்கிவிட்டேன். முன்னால் நடக்கும் மாட்டுக்குப் பித்தளை மணி கட்டுவார்களாம். சத்தத்தைக் கேட்டே ஊர் கூடுமாம். அப்படியொரு மணி எங்கள் பழைய கடை வாசலில் தொங்கியது என்றார் உம்மம்மா.

"இப்போது எங்கே?"

"பழைய பித்தளைக்காரனுக்கு நிறுத்துப் போட்டாச்சு, மகள்."